நஅம் என்ற சொல்லுக்கு இரவல் வாங்கிய தலையசைப்பு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் இன்று மதியம் என் தட்டில் மீன்தலை விழாமல் போகட்டும். இதை நான் காதோடு காதாகச் சொல்லவில்லை. கடைத்தெருவில் நின்று, மீன் ஏலம் போடுகிறவனுக்கு மேலே குரலெடுத்துச் சொல்கிறேன். அத்தனையும் உண்மை. சந்தேகம் இருக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், மீதிப் பேருக்குக் காற்றாவது வரும்.

எங்கள் உப்பாற்றுப்பட்டினத்தில் கம்ப்யூட்டர் படங்களுக்குச் சொந்தமாக அசைவு கிடையாது. படம் வரையலாம், வண்ணம் அடிக்கலாம், அது திரையில் சும்மா நிற்கும். அசைய வேண்டுமென்றால் ஊரில் யாரிடமாவது அல்லது எதனிடமாவது அசைவை இரவல் வாங்க வேண்டும். கொடுத்தவரிடம் அதற்குப் பிறகு அது இருக்காது. வாங்கிய வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடும். மற்ற ஊர்களில் எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் விசாரித்ததும் இல்லை.

அரபிச் சொற்களை அசையும் படங்களாகக் கற்றுக்கொடுக்கலாம் என்பது எங்கள் மதரஸாவின் கலீல் ஆலிம்சாவுடைய யோசனை. அங்கே சிறுபிள்ளைகளும், வளைகுடாவுக்குப் புறப்பட்டு நிற்கிற பெரிய ஆட்களும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பிள்ளைகள் முன்வரிசை, மீசைக்காரர்கள் பின்வரிசை. "பாபுன் பாபுன்னு தொண்டை வறளக் கத்துறதுக்கு, ஒரு கதவு திறந்து மூடுறதப் பாத்தாப் போதும்" என்றார் ஆலிம்சா. பாபுன் என்றால் கதவு.

படம் செய்ய தூத்துக்குடியிலிருந்து ததேயு மச்சாது வந்தான். கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை பெயரின்மேல் ரோஜாப்பூ கொட்ட வைக்கிறவன். அந்தப் பூவின் அசைவை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"கொடைக்கானல் பக்கம் ஒரு செடி குடுத்துச்சு காக்கா. அந்த வேலை இன்னும் முடியல. அங்க இப்ப பூ உதிர்றதே இல்ல" என்றான். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

எனக்கு ஊரில் தெரியாத வீடு கிடையாது என்பதால் அசைவு கேட்டு வாங்கி வருவது என் வேலையாயிற்று. ஆலிம்சா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உயிருள்ளவற்றுக்கு முகம் வரையக்கூடாது. ததேயு சரி என்றான். முகம் வரைவதுதான் தன் வேலையிலேயே கஷ்டமானது என்றும், இந்த மார்க்கம் தனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது என்றும் சொன்னான்.

முதலில் கதவு. மதரஸாவின் வாசற்கதவையே கேட்டோம். கதவு வாய் திறந்து சொல்லாது, ஆனால் தள்ளிப் பார்த்தால் சம்மதம் தெரியும். கேமராவுக்கு முன்னால் ஒருமுறை திறந்து மூடியது. "வந்துருச்சு" என்றான் ததேயு. திரையில் கதவு அழகாகத் திறந்தது. வாசலில் கதவு திறக்கவில்லை. பிள்ளைகள் ஜன்னல் ஏறி வந்து பாபுன் படித்தார்கள். ஜன்னல் உயரம், அதனால் சீக்கிரமாகவே படித்தார்கள்.

அடுத்து நவ்முன், அதாவது தூக்கம். தூக்கத்துக்கு ஏது அசைவு, படத்தை அப்படியே விட்டுவிடலாமே என்றான் ததேயு. நெஞ்சு ஏறி இறங்குமே என்றார் ஆலிம்சா. இரவுக் காவலுக்கு இருக்கும் பக்கீரிடம் வாங்கினோம். அந்தப் பாடம் முடியும்வரை மதரஸாவுக்கு முதன்முறையாகக் காவல் இருந்தது.

ஜமல் என்றால் ஒட்டகம். எங்கள் ஊரில் ஒட்டகம் இல்லை. ஊரில் ஒட்டகத்துக்கு மிக நெருக்கமான நடை என் மச்சான் மொகுதூமுடையது. போய்க் கேட்டேன்.

"என் நடைய இத்தன காலமா ஒருத்தரும் கேட்டதில்ல மச்சான்" என்று கண் கலங்கிக் கொடுத்தார்.

அதிலிருந்து அவர் கட்டிலிலேயே இருந்தார். அப்போதுதான் நான் ஒரு விஷயம் கவனித்தேன். படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது மொகுதூமைப்போல நடந்தார்கள். சொல்லை முழுசாகப் படித்துவிட்ட பிள்ளை சாதாரணமாக நடந்தது. ததேயு விளக்கினான்.

"அசைவு மிஷினுக்குள்ள இல்ல காக்கா. மிஷின் காட்டும், அவ்வளவுதான். படிக்கிறவங்க தலையில அது தங்கும். கடைசி ஆளு படிச்சு முடிச்சாத்தான் வீட்டுக்குத் திரும்பும்."

"நடுவுல அழிச்சிட்டா?"

"நடுவழியில நிக்கும். இங்கயும் இருக்காது, அங்கயும் இருக்காது."

கடைசியாக ஒரு சின்னப் பெண் பாக்கி இருந்தாள். மொகுதூம் கட்டிலிலிருந்து எழுந்து கொல்லைக்குப் போக வேண்டுமென்று நினைத்தபோதெல்லாம், அந்தப் பெண் தன் வீட்டில் இருந்த இடத்திலிருந்து எழுந்து கொல்லைக்குப் போனாள். அவள் உம்மா வைத்தியரிடம் காட்டினார். வைத்தியர், ஒட்டகத்தை நன்றாகப் படிக்கச் சொல்லி அனுப்பினார். அன்று மாலை அஸர் தொழுகைக்குள் அவள் படித்துவிட்டாள். மொகுதூம் பள்ளிவாசலுக்கு நடந்தே வந்தார்.

இப்படியே சொற்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு நஅம் வந்தது.

நஅம் என்றால் ஆமாம். ததேயு ஒரு முக்காடு மட்டும் வரைந்தான், உள்ளே முகம் இல்லை. அது ஆமாம் என்று தலையசைக்க வேண்டும். சுலபம் என்று நினைத்தோம். ஆனால் அரபு நாட்டில் ஆமாம் என்றால் தலை நேராக மேலிருந்து கீழே இறங்க வேண்டும் என்றார் ஆலிம்சா. எங்கள் ஊர் ஆமாம் அப்படி இல்லை. அது இடப்பக்கம் சாயும், வலப்பக்கம் சாயும், நடுவில் சற்றே சுற்றும், ஆமாமா இல்லையா என்று பார்க்கிறவன் தன் வசதிக்கு எடுத்துக்கொள்ளும்படி நிற்கும். பெண் கேட்டு வந்தவனுக்கும் அது பொருந்தும், கடன் கேட்டு வந்தவனுக்கும் பொருந்தும்.

"இதக் கத்துக்கிட்டு அங்க போனா, நம்ம பையனுக்குக் கழுத்து வலின்னு ஆஸ்பத்திரியில சேத்துருவாங்க" என்றார் ஆலிம்சா.

நான் ஊரெல்லாம் நேரான ஆமாம் தேடினேன். மீன் ஏலக்காரன் புருவத்தை மட்டும் தூக்கினான். தையற்காரர் தலையால் ஒரு வட்டம் போட்டார். நானே கேமராவுக்கு முன் நின்று பார்த்தேன். என் தலை ஆமாம் சொல்லத் தொடங்கி, பாதியில் வேறு எதையோ யோசித்தது. ததேயு வேண்டாம் என்றுவிட்டான்.

ஊரிலேயே நேராகத் தலையசைப்பவள் என் கடைசி மகள் முத்து சுலைகாதான். அதே மதரஸாவில் சிறுபிள்ளைகளுக்குச் சொல் படிப்பிக்கிறாள். அவள் தலை ஆமாம் என்றால் உலக்கை இறங்குவதுபோல நேராக இறங்கும், சந்தேகமே இருக்காது. இல்லை என்றாலும் அப்படித்தான், கோடு கிழித்ததுபோல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். அந்த இல்லைக்குப் பலமான பெயர் உண்டு. நகை வியாபாரி மகன், கப்பல் ஏஜெண்டு, துபாயில் இரண்டு கடை வைத்திருந்தவன் என்று எத்தனையோ பேர் அந்த ஒரு அசைவில் திரும்பிப் போனார்கள். கடைசியில், மீன்பிடிப் படகுகளில் ஐஸ்பெட்டி பழுது பார்க்கும் நூஹு வந்தான். அதிகம் பேசாதவன். பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல எதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். அவனுக்கு என் மகளின் தலை நேராக இறங்கியது. நிக்காஹ் நாள் குறித்துவிட்டோம்.

"நாள் நெருங்குதே, இப்பப் போய்க் குடுக்கணுமா?" என்றேன் சுலைகாவிடம்.

"ஆமாம்ங்கிற சொல்ல யாரு வாப்பா படிக்காம இருப்பாங்க? ரெண்டே நாள்ல திரும்பிரும்."

கேமராவுக்கு முன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை அசைத்தாள். வந்துவிட்டது. திரையில் முகமில்லாத முக்காடு அவ்வளவு அழகாக நஅம் சொன்னதில், பார்த்துக்கொண்டிருந்த ஆலிம்சா தன்னையறியாமல் எதற்கோ சம்மதித்துவிட்டார். எதற்கு என்று அவருக்கும் இன்றுவரை தெரியவில்லை.

பிள்ளைகள் இரண்டே நாளில் படித்துவிட்டார்கள். பின்வரிசை மீசைக்காரர்களும் படித்துவிட்டார்கள். காசிம் மட்டும் படிக்கவில்லை.

காசிம் மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குப் புறப்பட்டு நிற்கிறவன். அவனுக்கு இது இரண்டாவது பயணம். வகுப்பில் சேர்ந்த அன்றே லா என்ற சொல்லைப் படித்துக்கொண்டான். லா என்றால் இல்லை. அதற்குப் பிறகு கதவு, தண்ணீர், ஒட்டகம் எல்லாவற்றையும் படித்தான். நஅம் வந்ததும் தலையில் ஈரத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். தலைக்குள் தங்கிய அசைவு கீழே இறங்கிவிடாமல் இருக்க அப்படிச் செய்தான். சாப்பிடும்போதுகூட வாய் குனிந்து சோற்றைத் தேடி வராமல், சோறு வாயைத் தேடிப் போனது.

நான் அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஒரே ஒரு சொல்லு காசிம். பாப்பாக்கூடப் படிச்சிருச்சு."

"பாப்பா வேலைக்கா போவப் போவுது?" என்றான் கழுத்தைத் திருப்பாமல். "மொதத் தடவ போனப்ப அந்த ஒரு சொல்லத்தான் மாமு தெரிஞ்சு வச்சிருந்தேன். வண்டி ஓட்டுறியான்னாங்க, நஅம்னேன். ஆடு மேய்க்கிறியான்னாங்க, நஅம்னேன். இந்த வருசம் ஊருக்குப் போவ வேணாமான்னாங்க. அதுக்கும் நஅம்னுட்டேன். வாப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணுனப்பக்கூட வர முடியல. திரும்பி வந்ததும் பாடுபட்டு அந்தச் சொல்ல மறந்தேன்."

 அவன் தாடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் சம்பளத்துக்குப் போறேன். சம்மதத்துக்குப் போவல" என்றான். "வேற என்ன சொல்லு வேணும்னாலும் குடுங்க, படிக்கிறேன்."

ஆலிம்சா தினமும் அவனிடம் படித்தாயா என்று கேட்டார். அவன் தினமும் லா என்றான். உச்சரிப்பு சுத்தமாக இருந்ததால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

நிக்காஹ் நாள் வந்துவிட்டது. பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நூஹு மாலையோடு நடுவில் இருந்தான். கல்யாண விருந்துக்கான களறிச் சோறு தம்மில் இருந்தது. பெண்ணிடம் சம்மதம் கேட்க நானும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போனோம். ஒரு சாட்சி மொகுதூம் மச்சான், இன்னொரு சாட்சி மாப்பிள்ளையின் காக்கா. சுலைகா தலை குனிந்திருந்தாள்.

"நூஹுவுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டேன்.

"சம்மதம்" என்றாள். ஆனால் அவள் தலையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு அசைவுதான். அது கோடு கிழித்ததுபோல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

"சம்மதம்னு சொல்லுச்சு" என்றார் மொகுதூம்.

"வேணாம்னு ஆட்டுச்சு" என்றார் மாப்பிள்ளையின் காக்கா.

"வாயால சொல்லுச்சுல்ல."

"தலை வாய்க்கு மேலதான இருக்கு."

இரண்டும் சரியாகத்தான் பட்டது எனக்கு. மறுபடி கேட்டோம். மறுபடி வாய் ஒன்றும் தலை ஒன்றும் சொன்னது. கேள்வியைத் திருப்பிப் போட்டால் என்ன என்று மொகுதூம், "மறுப்பு எதும் உண்டாம்மா?" என்று கேட்டார். தலை இல்லை என்று ஆடியது. அவர் மகிழ்ச்சியோடு வெளியே ஓடி ஆலிம்சாவிடம் சொன்னார்.

"மறுப்பு இல்லாத எடத்துல சம்மதம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல மொகுதூம்" என்றார் ஆலிம்சா. "பூட்டிக் கிடக்கிற வீட்டுலயும்தான் மறுப்பு இல்ல."

வெட்கப்பட்டு மௌனமாக இருக்கும் பெண்ணின் மௌனம் சம்மதம் என்பார்களே, அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மௌனமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இவள்தான் சம்மதம் சம்மதம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்றார். அதுவும் சரிதான்.

என் தலையசைப்பை அவளுக்கு இரவல் கொடுக்கிறேன் என்றேன். வாப்பாவின் தலையசைப்பில் மகளின் நிக்காஹ் செல்லாது என்றார் ஆலிம்சா. அந்தக் காலத்தில் அப்படித்தானே எல்லோருக்கும் நடந்தது என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். 

இதற்கிடையில் பந்தலில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. நாங்கள் உள்ளே கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும், வெளியே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த காசிமின் தலை, துண்டையும் கையையும் மீறி, உலக்கை இறங்குவதுபோல நேராக இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

"அதான! பொண்ணோட சம்மதம் அங்க இருக்கு" என்றார் மொகுதூம்.

ஆலிம்சா தாடியைத் தடவினார். "இருக்கு. ஆனா இருக்கிற தலை காசிமோடது. அத வச்சு ஓதினா, நூஹுக்கும் காசிமுக்கும்ல நிக்காஹ் ஆயிரும்."

நூஹு காசிமைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "வேணாம்" என்றான்.

"எனக்கும் வேணாம்" என்றான் காசிம். ஆனால் அப்போது உள்ளே என் வீட்டுக்காரி மகளிடம் எதையோ கேட்டிருக்க வேண்டும், காசிமின் தலை ஆமாம் என்று இறங்கியது. நூஹு சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

களறிச் சோற்றின் வாசனை பந்தலுக்குள் வரத் தொடங்கியது. மாப்பிள்ளையின் காக்கா, அஸருக்குள் முடியவில்லை என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம், தலையாட்டத் தெரிந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. நூஹு கழுத்து மாலையில் ஒரு பூவைத் திருகிக்கொண்டிருந்தான். காக்காவை மீறுகிறவன் இல்லை அவன்.  இத்தனை பேரைத் திருப்பி அனுப்பியவள் வேண்டும் என்று சொன்ன ஒரே ஒருவனும் போய்விடுவான்போல இருந்தது, அதுவும் அவள் சம்மதம் சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே.

அப்போது வீட்டு வாசலில் தொங்கிய மறைப்புத் துணிக்குப் பின்னாலிருந்து சுலைகாவின் குரல் வந்தது.

"காசிம் காக்கா, ஒங்க லா எப்படி இருக்கு?"

 காசிம் துணியைப் பார்த்துத் திரும்பினான், உடம்போடு சேர்த்து.

"சொல்லு இருக்கு தங்கச்சி. தலைதான் சரியில்ல. மொதத் தடவையிலேயே தேஞ்சு போச்சு. கடைசியா மொதலாளி முன்னால ஆட்டுனப்ப, காதுல தண்ணி போயிருச்சான்னு கேட்டாரு."

"அதான் நஅம் படிக்கப் பயமா இருக்கு?"

"தடுக்க ஒண்ணு இல்லாம அத எப்படித் தங்கச்சி உள்ள விட?"

"என் லா நல்லா இருக்கு. துபாய்ல ரெண்டு கட வச்சிருந்தவரையே திருப்பி அனுப்புனது. அதக் கொண்டுபோங்க. ஒங்களுக்கு லா இருந்துச்சுன்னா நஅமும் இருக்கலாம்ல?"

காசிம் யோசித்தான். நானும் யோசித்தேன். துணிக்குப் பக்கத்தில் போய், "புருசன் வீட்டு வாழ்க்கையிலதான்ம்மா அது ரொம்பத் தேவப்படும்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவங்கதான நம்ம வீட்டுக்கு வர்றாங்க வாப்பா" என்றாள்.

அது எங்கள் ஊர் வழக்கம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து தங்குவான். இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

ததேயு கேமராவோடுதான் வந்திருந்தான், நிக்காஹ் வீடியோ எடுக்க. ஆனால் ஒரு சிக்கல் சொன்னான். அசைவைச் சும்மா கைமாற்ற முடியாது, ஏதாவது ஒரு சொல்லுக்குத்தான் எடுக்க முடியும். காசிம் அந்தச் சொல்லைப் படித்து முடித்துவிட்டால் லா வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆகவே காசிமால் ஒருபோதும் படித்து முடிக்க முடியாத சொல் வேண்டும்.

"அப்படின்னா எனக்கே தெரியாத சொல்லாப் பாக்கணும்" என்றார் ஆலிம்சா சற்று வருத்தத்தோடு. மதரஸாவிலிருந்து பெரிய அகராதியைக் கொண்டுவரச் சொல்லி, களறிச் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாச் சொல்லும் அவருக்குத் தெரிந்திருந்தது. பெருமைப்பட வேண்டிய நேரத்தில் அவர் வியர்த்தார். கடைசியில் ஒரு பக்கத்தில், பொருள் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்த ஒரு சொல் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று விரல் வைத்துக் காட்டினார்.

ததேயு கேமராவைத் துணியின் ஓரத்தில் நீட்டினான். சுலைகா கடைசியாக ஒருமுறை இல்லை என்று தலையாட்டினாள். "வந்துருச்சு" என்றான். பொருள் தெரியாத சொல்லுக்குக் கீழே, முகமில்லாத முக்காடு ஆடும் பாடத்தைக் காசிமின் போனில் ஏற்றினான். காசிம் பார்த்தான். அவன் கழுத்துக்குள் எதுவோ இறங்கி நன்றாக உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. அவன் பரீட்சிக்க வேண்டுமென்று மாப்பிள்ளையின் காக்காவைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினான். காக்கா எழுந்து இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார்.

காசிம் துண்டை அவிழ்த்தான். ஆலிம்சா கேட்டார்.

"ஆமாம்ங்கிறதுக்கு அரபியில என்ன காசிம்?"

"நஅம்" என்றான் காசிம். உச்சரிப்பு இதுவும் சுத்தம்.

நாங்கள் உள்ளே ஓடினோம். கேட்டோம். "சம்மதம்" என்றாள். தலை உலக்கைபோல நேராக இறங்கியது. மொகுதூம் பார்த்தார், மாப்பிள்ளையின் காக்கா பார்த்தார், இருவரும் ஒன்றையே பார்த்தார்கள். நிக்காஹ் முடிந்தது. எல்லோரும் சஹன் என்கிற பெரிய தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்தோம். காசிமிடம் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்று கேட்டவன், அவன் தலையாட்டியதைப் பார்த்துச் சட்டியோடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான் என்றார்கள். அதை நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்வதில்லை.

காசிம் மஸ்கட் போனான். நூஹு எங்கள் வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நூஹு ஒருநாள், தூத்துக்குடியில் ஐஸ்பெட்டிக் கடை போடலாம், அங்கேயே வீடு பார்த்துப் போய்விடலாமா என்று கேட்டான். சுலைகா வேண்டாம் என்றாள். தலை சரி என்று இறங்கியது. நூஹுவுக்கு எதை எடுத்துக்கொள்வது என்று குழப்பம். எனக்கும் குழப்பம். அவள் வாயைப் பார்த்தால் பாவமாக இருந்தது, தலையைப் பார்த்தால் பெட்டி கட்டலாம்போல இருந்தது. அரைப் பெட்டி கட்டியும் விட்டோம்.

நூஹு அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து மஸ்கட்டுக்குப் பேசினான்.

"காக்கா, இப்ப ஒங்க தலை என்ன செய்யுது?"

"ஏன் கேக்குற? வண்டிய ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருக்கேன். இல்ல இல்லன்னு ஆடுது, நிக்க மாட்டேங்குது."

நூஹு போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தான். கடை உப்பாற்றுப்பட்டினத்திலேயே வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எந்த யோசனை வந்தாலும் அவன் முதலில் மஸ்கட்டுக்குப் பேசிவிட்டுத்தான் மற்றதைச் செய்கிறான். இத்தனை நாளாகியும் அவன் என் மகளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இப்படி ஒரு மருமகனுக்கு நான் எங்கே போவேன்.

இதில் ஒரு சின்ன விஷயம்தான் எங்களுக்குக் கொஞ்சம் புரியாமல் இருக்கிறது. காசிம் வண்டியை ஓரமாக நிறுத்திய அன்று, பின்ஸீட்டில் அவன் முதலாளி இருந்திருக்கிறார். ஒரு பேரீச்சந்தோப்பை வாங்கலாமா என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தவர், முன்னால் ஆடிய தலையைப் பார்த்திருக்கிறார். அப்படியொரு மறுப்பை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். தோப்பை விட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்தத் தோப்பில் பேரீச்சை காய்ப்பது நின்று பலாக்காய் காய்த்ததாம். அதிலிருந்து அவர் காசிமின் தலையைக் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை. காசிமின் தலையோ என் மகளுக்குப் பிடிக்காததைப் பொறுத்து ஆடுகிறது. அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்கிய நாளில் மஸ்கட்டில் ஒரு கப்பல் விலைபோகவில்லை.

போன வாரம் மஸ்கட்டிலிருந்து அந்த முதலாளியின் ஆட்கள், வெள்ளை அங்கி போட்ட இரண்டு பேர், வந்தார்கள். ஸலாம் சொல்லிவிட்டு எங்கள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். சுலைகா குழம்பில் உப்புப் பார்க்கும்போதெல்லாம் ஒருவர் போனில் ஏதோ சொல்கிறார், இன்னொருவர் அடுத்த காய் என்ன என்று கூடையை எட்டிப் பார்க்கிறார். நேற்று முருங்கைக்காய் நறுக்கியபோது இருவரும் எழுந்து நின்றார்கள். நாங்கள் மதியச் சஹனை இரண்டு பேருக்குச் சேர்த்துப் பெரிதாக மாற்றிக்கொண்டோம்.

அவ்வளவுதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் கேட்டால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் என்று சொல்லிவிடுங்கள். அந்த அங்கிக்காரர்களில் ஒருவர் இப்போது உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார். திரும்பிப் பார்க்க வேண்டாம். சுலைகாவிடம் காட்ட வெண்டைக்காய் வாங்க வந்திருக்கிறார்.